என் கையில் கொடுத்த பழைய கார்புரேட்டர்

"என்னிடம்தான் கொடுத்தார்."

இரண்டே சொற்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, இதே கூடத்தில், அதோ அந்த ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் சொல்லாமல் விட்ட சொற்கள். இவற்றைச் சொல்லிவிட்டுத்தான் உங்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்தேன்.

நம் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் திருவேங்கடம் ஐயா அவர்களே, பொருளாளர் ஸ்ரீகாந்த் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், குணசேகரன் அண்ணனின் மனைவி வனஜா அக்கா அவர்களே, வெள்ளானூரிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர்களே, மெக்கானிக்குகளே, எங்கள் தெருக்காரர்களே, அனைவருக்கும் வணக்கம். நான் கிருஷ்ணப்பிரியா, இந்தச் சங்கத்தின் செயலாளர். இன்றைக்குப் பேச்சு எனக்கு வராது. எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நடுவில் நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நினைவுக் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் மோட்டார் மெக்கானிக் குணசேகரன் அண்ணனை நேர்மையானவர் என்றார்கள். ஒருவரைக்கூட ஏமாற்றாதவர் என்றார்கள். தண்ணீர் லாரி ஓட்டும் கிஷோர், "பிரேக் ஷூ மாத்துனதுக்கு என்ன மாப்ள மாதிரி நிக்கவச்சி போட்டோ புட்சாரு. 'இன்னா நைனா, கல்யாண ஆல்பமா'ன்னு கேட்டேன். 'சிரிடா பேமானி, படம் நல்லா வரும்'னாரு" என்று சொன்னபோது இந்தக் கூடமே சிரித்தது. அவர் ஏன் படம் எடுத்தார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

நம் சங்கத்து வண்டியைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். பழைய பெட்ரோல் பிக்கப். இறப்பு நடந்த வீட்டுக்கு ஐஸ் பெட்டியை இலவசமாகக் கொண்டுபோகும் வண்டி. அந்த வருடம் அது சிக்னலில் நின்றால் நடுங்கும், நடுங்கினால் அணைந்துவிடும். பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது என்று அண்ணன்தான் கண்டுபிடித்தார். மூன்று முறை கழற்றிச் சுத்தம் செய்து பார்த்தார். நான்காவது முறை என்னைக் கூப்பிட்டு, அதன் நடுவில் ஓடும் மெல்லிய தண்டை விரலால் அசைத்துக் காட்டினார்.

"இத்த பாரு செக்ரட்டரிமா. இது ஆடக் கூடாது. ஆடுனா அந்தச் சந்துல காத்து பூந்துக்கும். காத்து பூந்துகினா வண்டி இன்னா பண்ணும்? நின்னுடும். இத்தக் கழுவிக் கழுவி மாட்டுறது உன்னியும் ஏமாத்துறது, என்னியும் ஏமாத்துறது."

பழைய வண்டிக்குப் புதிய கார்புரேட்டர் சுலபத்தில் கிடைக்குமா? ஆவடியிலிருந்து பஸ் ஏறி, கடை கடையாக அலைந்து, மூன்றாம் நாள் வாங்கி வந்தார். ஒரு சனிக்கிழமை காலை மாட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடுக்கை அடைக்கும் பழைய கேஸ்கட் அட்டை ஒட்டியிருந்த இடத்தை பிளேடால் சுரண்டுவதற்கு முன்னால், தூசி உள்ளே விழாதபடி எஞ்சினின் வாயில் துணியை அடைத்தார். சுரண்டி முடித்ததும் அந்தத் துணியை வெளியே இழுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "பாத்துக்கினியா? துணி வெளிய வந்துச்சு. நாளிக்கி உள்ளயே வச்சித் தச்சிட்டான்னு சொல்லாத!"

வண்டியைக் கிளப்பினார். கண்ணை மூடிக்கொண்டு, சின்னத் திருகாணியை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே திருப்பினார். பிறகு தன்னுடைய டீ கிளாஸை பானெட்டின்மேல் வைத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டீ அசையவில்லை. எடுத்துக் குடித்தார்.

கிளம்பும்போது, புதியது வந்த அட்டைப்பெட்டியில் பழையதை வைத்து என் கையில் கொடுத்தார்.

"இது எதுக்கு அண்ணே?"

"பழச கைல குடுத்துடணும்மா. இல்லாங்காட்டி, மாத்துனியா, தொடச்சி மாட்டுனியான்னு எவனாச்சும் ஒரு நாள் கேப்பான். கமிட்டில காட்டிடு. அப்பறம், டேங்க்ல துரு கீது. இந்த மாசமே கழுவிடணும், அத்தயும் சொல்லிடு."

சரி அண்ணே என்றேன். காட்டவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அந்தப் பெட்டி எங்கள் மாடிப்படிக்குக் கீழே பெட்ரோல் வாடை வீசிக்கொண்டு ஒரு வாரம் இருந்தது. வீட்டுக்கு விருந்தினர் வரப்போகிறார்கள் என்று, பழைய பேப்பர்காரர் வந்தபோது செய்தித்தாள்களோடு அதையும் எடுத்துப் போட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் போட்டேன். மாற்றியாகிவிட்டது, இனி இந்த இரும்பு எதற்கு என்று நினைத்தேன். ஒரு மனிதருடைய சாட்சியம் அது என்று எனக்குத் தோன்றவில்லை. எத்தனை புத்தகம் படித்து என்ன?

பத்தாம் நாள், ஐஸ் பெட்டியோடு போன வண்டி திருநின்றவூர் போகும் வழியில் நின்றுவிட்டது. அங்கே ஒரு வீட்டில் தாயின் உடலைத் தரையில் கிடத்திக்கொண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். அவர்களுடைய திட்டை எல்லாம் வாங்கியவர் ஸ்ரீகாந்த் சார். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அண்ணனைக் கூப்பிட்டு அவர் கேட்டதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

"புதுசு மாட்டியிருந்தா பத்து நாள்ல எப்படிங்க நிக்கும்? பழசையே கழுவி மாட்டிட்டீங்களா?"

"மாத்திட்டேன் சார்."

"அப்போ பழசு எங்க?"

"குடுத்துட்டேன் சார்."

"யார்கிட்ட?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.

நான் செயலாளராகி நான்கு மாதம் ஆகியிருந்தது. இதே மேடையில் நின்று, சங்கத்தின் எல்லாக் காரியங்களும் எல்லோருக்கும் தெரியும்படி நடக்க வேண்டும் என்று பேசிக் கைதட்டு வாங்கியிருந்தேன். என்னிடம்தான் கொடுத்தார், நான் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன் என்று சொன்னால் என்ன ஆகியிருக்கும்? நாலு பேர் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதானே! அந்த நாலு பேர் சிரிப்புக்குப் பயந்து, கையிலிருந்த பேனாவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நெனப்பு இல்ல சார்" என்றார் அண்ணன்.

அவருக்கா நினைப்பு இல்லை? முப்பது வருடத்துக்கு முன்னால் எந்த லாரிக்கு எந்த போல்ட் போட்டோம் என்று சொல்லக்கூடிய மனிதருக்கா? நான் வாயைத் திறக்க மாட்டேன் என்பதை என் முகத்தில் பார்த்துவிட்டு, என் மானத்தைக் காப்பாற்றத் தன் மானத்தைக் கொடுத்தார். பின்வரிசையிலிருந்து யாரோ, "பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருப்பாரு" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்! பழைய இரும்புக்குப் போட்டவளே சிரித்தேன்.

'இனி சங்கத்து வண்டி வேலையை இவரிடம் கொடுப்பதில்லை.' நம் தீர்மானப் புத்தகத்தில் அந்த வரி இருக்கிறது. அது என் கையெழுத்து.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்கு அடுத்த வாரம் அம்பத்தூரில் வேறொரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டோம். அவர் திறந்து பார்த்துவிட்டு, "கார்புரேட்டர் புத்தம் புதுசும்மா. டேங்க் துரு வந்து அடைச்சிருக்கு" என்றார். அப்போது அங்கே நின்றது நான் மட்டும். டேங்கைக் கழுவி வாங்கி வந்தேன். கமிட்டியில், 'பழுது சரிசெய்யப்பட்டது' என்று ஒரே வரியில் படித்தேன். முதல்முறை பயத்தில் வாயடைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் முறைக்கு என்ன சொல்வது?

நாளை சொல்லலாம் என்று இரண்டு வருடம் இருந்தேன். பதினொரு நாளைக்கு முன்பு தன் ஷெட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரைக் கிடத்திய ஐஸ் பெட்டியை அந்த வண்டிதான் கொண்டுபோனது. அவர் மாட்டிய அதே கார்புரேட்டர். வழியில் ஒருமுறைகூட நிற்கவில்லை.

நேற்றுக் காலை வனஜா அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. "அத்தக் கூட்டத்துல சொல்லு. என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றார். சொல்லிவிட்டேன் அக்கா. அண்ணன் காதில் விழவேண்டியதை அவருடைய படத்துக்கு முன்னால் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்கும் உரிமைகூட எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

தலைவர் அவர்களே, அந்தத் தீர்மானத்தை அடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். அதன் கீழே, குணசேகரன் மாற்றினார், பழையதை என்னிடம் கொடுத்தார், நான் தொலைத்தேன், நான் மறைத்தேன் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட அனுமதி கொடுங்கள். அதன் பிறகு நான் செயலாளராக இருக்கலாமா என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள். யார் இருந்தாலும், இனி நம் வண்டியிலிருந்து கழற்றும் ஒவ்வொரு பழைய பொருளும், மாற்றியவர் பெயரோடு, எல்லோர் கண்ணிலும் படும்படி இந்தக் கூடத்து அலமாரியில் இருக்கும். அந்த வேலையை, பதவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான் செய்வேன்.

கடைசியாக அந்தப் புகைப்படங்கள். பேனருக்குப் படம் ஒன்று தேடி எடுக்கச் சொல்லி வனஜா அக்கா அண்ணனுடைய போனை என்னிடம் கொடுத்தார். அதில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை; பேனரில் இருப்பது அவருடைய பழைய அடையாள அட்டைப் படம். எல்லாம் வாடிக்கையாளர்கள். கையில் பழைய கிளட்ச் பிளேட், பழைய பிரேக் ஷூ, பழைய ஃபேன் பெல்ட். சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். கிஷோரும் இருக்கிறார். மொத்தம் முந்நூற்றுப் பதினொரு படங்கள். முதல் படத்தின் தேதியைப் பார்த்தேன். அந்தக் கூட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை ஒன்பதேகால்.