ஞாபகார்த்த இஞ்சின்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் குற்றத்தைப் பற்றி உண்மை எழுதிய ஒரே எழுத்தாளன் நான்தான். பல்கலைக்கழகச் சஞ்சிகையில் எழுதினேன்: காசு கொடுத்தால் குற்றம் குறையாது, கொடுத்தவரின் படம்தான் கூடும்.

எழுதியது றொகானைப் பற்றி. சுவிஸில் பணக்காரராகிக் குருநகருக்குத் திரும்பியவர். காலையில் ஏழைகளுக்குப் படகு இஞ்சின், வலை, தையல் மெஷின் என்று கொடுப்பார். மாலையில் கறுப்பு முகமூடி போட்டு மோட்டார் சைக்கிளில் கள்ளர் பிடிப்பார். யாரென்று ஒருவருக்கும் தெரியக்கூடாதாம். கொடுத்த பொருள் எல்லாவற்றிலும் 'அமரர் மரியரட்ணம் ஞாபகார்த்தமாக' என்று தகப்பனின் பெயர் இருக்கும். அந்த மோட்டார் சைக்கிளிலும் இருந்தது.

பெயர்களை எழுதியவன் தனோஜன். முன்பு வாள்வெட்டுக் கோஷ்டியில் இருந்தவன். றொகான் தூரிகையைக் கொடுத்தபின் வாளைத் தொடவில்லை. அவனைப் பார்த்து மற்றவர்களும் அடங்கினார்கள். களவு குறைந்தது. சொல்லவே கசக்கிறது, உண்மையாகவே குறைந்தது.

"என்ன எழுத்தாளர், உங்கடை கட்டுரையைத் திருத்துவமோ?" என்று பல்கலைக்கழகக் கன்ரீனில் கூடப் படிக்கும் சாருஜா கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

கட்டுரையில் பிழை இல்லை. ஊரில்தான் இருந்தது. ஊரைத் திருத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை சனம் பூசைக்குப் போயிருந்த நேரம், மீனவர் கிறிஸ்துநாயகத்துக்கு றொகான் கொடுத்த இஞ்சினைப் படகிலிருந்து கழற்றிக் கடலுக்குள் விட்டேன். களவெடுக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இடம் மாற்றினேன்.

பெயர் எழுதிய இஞ்சினை இங்கே யாரும் வாங்கமாட்டார்கள். ஆகவே, பெயரை அழித்து விற்கக்கூடிய கள்ளன் யார் என்று சனம் யோசித்தது.

"பேரை எழுதினவனுக்குத்தானே அழிக்கவும் தெரியும்," என்றார் கிறிஸ்துநாயகம். "உவன்ரை பழைய குணம் எங்கை போகும்?"

றொகான் பட்டப்பகலில் முகமூடியோடு வந்தார்.

"அண்ணை, பிள்ளையாணை நான் எடுக்கேல்லை," என்றான் தனோஜன்.

"என்ரை அப்பான்ரை பேரையே வித்துப்போட்டாய், என்னடா?"

இரும்புக் குழாயால் அடித்தார். சனம் கைதட்டியது. ஒருவன் கையிலேயே காசும் கம்பும் இருந்தால், வாங்கித் தின்றவன் வாய் திறக்கமாட்டான் என்றும் கட்டுரையில் எழுதியிருந்தேன். அப்படியே நடந்தது. முன்வரிசையில் நின்று படம் பிடித்தேன். கடலுக்குள் பாருங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆராய்ச்சி நடக்கும்போது ஆராய்ச்சியாளன் குறுக்கிடக்கூடாது.

தனோஜன் ஆஸ்பத்திரியில் செத்தான். கைதட்டிய அதே சனம் செத்தவீட்டில் அழுதது. றொகான் மறியலில் கம்பி எண்ணுகிறார். என் கட்டுரையை எல்லாரும் பகிர்கிறார்கள்.

செத்த முப்பத்தோராம் நாள் நினைவுக்கு, தனோஜனின் மனைவி ஸ்ரெல்லாவுக்கு ஒரு தையல் மெஷின் வாங்கிக்கொண்டு போனேன். 'அமரர் தனோஜன் ஞாபகார்த்தமாக' என்று பதாகை கட்டினோம். என் பெயர் கீழே, சிறிதாகத்தான். அவர் குனிந்தபடியே மெஷினைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் நிமிருங்கோ அக்கா," என்றேன். "முகம் படத்திலை விழேல்லை."