எல்லோருக்கும் பன்னிரண்டு

ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் நோயாளிகள் மிரண்டுவிடுகிறார்கள், ஐயா. அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

என் பெயர் யோகலட்சுமி. தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. குற்றால அருவிச் சீசன் தொடங்கியதுமே எங்கள் இயந்திரத்தில், ரத்தத்திலுள்ள குளோரைடு என்ற உப்பை அளக்கும் பகுதி பழுதாகிவிட்டது. முதலாளி குத்தாலிங்கம் அண்ணாச்சியிடம் சொன்னேன். "குத்தாலத்துக்கு வார கூட்டமெல்லாம் இங்கனதான் வருது. எப்படியாவது சமாளிச்சிரும்மா" என்றார். பழுது பார்ப்பவர் வருகிற வழியாக இல்லை. நான் என்ன செய்ய?

சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால், நலமாக இருப்பவருக்குப் பன்னிரண்டு போல மிஞ்சும். நிறைய மிஞ்சினால் ரத்தத்தில் வேண்டாத அமிலம் சேர்கிறது என்று டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். நான் கணக்கைத் திருப்பிப் போட்டேன். எல்லோருக்கும் பன்னிரண்டே மிஞ்சும்படி குளோரைடை எழுதினேன். யாருக்கும் கெட்டது நினைக்கவில்லை.

சமீனாவை அவள் கணவன் யாசர் கூட்டிவந்தான். அச்சன்புதூர்க்காரன், துபாயிலிருந்து லீவில் வந்தவன்.

"நேத்து ஐந்தருவியில நல்லாத்தாங்க்கா குளிச்சா. காலையிலேர்ந்து வாந்தியும் பேதியுமா கெடக்கா."

சர்க்கரைக்குப் புது மாத்திரை சாப்பிடுகிறாள் என்றும் சொன்னான். அந்த மாத்திரையில் சர்க்கரை அதிகம் ஏறாமலே அமிலம் ஏறலாம் என்று எனக்குத் தெரியும். ரத்தம் எடுக்கக் குனிந்தபோது அவள் மூச்சில் பழவாடை அடித்தது. அது அந்த அமிலத்தின் வாடை என்பதும் தெரியும்.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சமீனாவைப் பரிசோதித்த டாக்டர் போன் செய்தார்.

"பைகார்பனேட் ரொம்பக் கம்மியா இருக்கேம்மா. இந்தக் குளோரைடு மெஷின்ல வந்ததுதான?"

"ஆமா சார்."

"அப்போ கழிச்சா பன்னிரண்டுதான் மிஞ்சுது. அமிலம் ஒண்ணும் சேரல, பேதியாலதான் கொறஞ்சிருக்கு" என்று சலைன் மட்டும் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். மெஷினில் வந்ததில்லை என்று நான் சொல்லியிருந்தால், அதுவரை கொடுத்த அத்தனை ரிப்போர்ட்டும் பொய்யாகியிருக்கும். எத்தனை குடும்பம் கலங்கிப் போயிருக்கும், சொல்லுங்கள்.

"பயப்பட ஒண்ணுமில்லல்லாக்கா?" என்று யாசர் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். அவன் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கே நிம்மதியாக இருந்தது.

மறுநாள் விடியுமுன் சமீனா இறந்துவிட்டாள். அவளைக் கொன்றது என் கணக்குதான், மறுக்கவில்லை. அன்று முழுக்க அழுதேன்.

இயந்திரம் இன்னும் சரியாகவில்லை. ஆனால் இன்று காலை வந்தவர்களில் யாருக்கும் ஒரு குறையுமில்லை, ஐயா. பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உங்கள் விசாரணைக்கு வருகிறேன்.