மண்ணில் நட்ட ஆர்க்கிட்

"மண்ணுல நட்டுத்தானுங்க இதைக் கொன்னுட்டேன்."

ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர் சொன்னார். காப்பித் தோட்டம் வைத்திருக்கும் விவசாயி என்பது பேச்சில் தெரிந்தது. மடியில் ஒரு தொட்டி, அதில் இலையெல்லாம் மஞ்சளாகிச் சாய்ந்துவிட்ட ஆர்க்கிட் செடி. அவர் பக்கத்தில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அதை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, செடியை மண்ணுல நடாம வேற எதுல நடுவாங்க?"

"எங்க ஊட்டுக்காரி கரியும் மரப்பட்டையுந்தானுங்க போட்டு வெச்சிருந்தா. வேரெல்லாம் வெளிய தொங்கும். அவ செத்துப் போன பொறவுதான் நான் பாத்தேன். ஐயோ, வேர் காயுதேன்னு, காப்பி நாத்துக்குப் பண்றாப்பல மண்ணும் சாணியெருவும் போட்டு அழுத்தி மூடிட்டேன். தெனமும் தண்ணி ஊத்துனேன். எல்லாம் அழுகிப் போச்சுங்க. இதுக்கு வேர்ல காத்துப் படோணுமாம். இன்னிக்கு நர்சரியில காட்டுனேன், இனிப் பொழைக்காதுன்னுட்டாங்க."

"அப்புறம் எதுக்குங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"அங்கயே போட்டுட்டு வர மனசு வரலீங்க."

"தெரியாமப் பண்ணுனதுதானுங்களே, உடுங்க. பூ என்ன கலருங்க?"

அந்த அம்மாள் அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். பஸ் ஒரு வளைவில் திரும்பி முடியும்வரை அந்த விவசாயி தொட்டியையே பிடித்துக்கொண்டிருந்தார்.

"பூத்திருக்குது, வந்து பாருங்கன்னு ஒவ்வொரு தடவையும் கூப்புடுவாளுங்க. வேலை கெடக்குது, அப்புறம் பாக்கறேன்னுட்டுப் போயிருவேன்."