மானகிரியில் சத்தமில்லாத வீடு

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவரும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். போன மாதம்தான் அவர் பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருக்கிறார் என்று பேச்சில் தெரிந்தது. மிச்ச காலத்துக்கு மானகிரிப் பக்கம் ஒரு வீட்டை முடிவு செய்து, அன்றுதான் மனைவிக்குக் காட்டக் கூட்டிப் போகிறார்.

"சுத்திலும் தோட்டந்தான். கூப்பிடு தூரத்துல ஒரு வீடு கெடையாது. அம்புட்டு அமைதி."

"நல்லது. நீங்க அங்குட்டு இருங்க. நான் வரல."

அவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"என்ன சொல்ற நீ?"

"காரைக்குடியிலயே மாடி வீடு ஒண்ணு பாத்துட்டேன். கீழ காய்கறிக் கடை, எதுத்தாப்புல பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை சாவி தாராக."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?"

"நீங்க கேட்டீகளா?"

அவர் கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டினார்.

"முப்பத்தஞ்சு வருஷமா விடிஞ்சதும் போவீக, பொழுதடைஞ்சு வருவீக, வந்ததும் பேப்பர விரிச்சிருவீக. அமைதியெல்லாம் வேண்டிய மட்டும் பாத்துட்டேன். இனிமே எனக்குப் பேச ஆள் வேணும்."

கண்டக்டர், "மானகிரி எறங்குங்க" என்றார். கணவர் எழுந்து, கம்பியைப் பிடித்தபடி மனைவியையே பார்த்தார். அந்த அம்மா எழவில்லை. கண்டக்டர் அதட்டவும் அவர் இறங்கினார்.

அவர் இடத்தில் கூடையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. அவர் ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க," என்றார் அந்த அம்மா, கூடைக்காரியிடம். "உங்களுக்கு எந்த ஊரு?"