தெற்கு நோக்கிய இலை

இரவு மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போகும் பெருஞ்சாலையை விட்டு விலகி, மூடிக்கிடக்கும் தோல் தொழிற்சாலை ஒன்றின் மதிலை ஒட்டி ஒரு கிளைச்சாலை போகிறது. விளக்கு இல்லை. ஆள் நடமாட்டமும் இல்லை... தோல் ஊறவைக்கும் தொட்டிகள் வறண்டு ஆண்டுகள் பல ஆயின. ஆனாலும் மழை பெய்தால் அந்த மண்ணிலிருந்து சுண்ணாம்பும் பச்சைத்தோலும் எழுந்து மணக்கும். அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது.

மதிலோரம், முகப்பு விளக்கை அணைத்துக்கொண்டு ஒரு வேன் நின்றது. அதனுள்ளே விழித்திருந்தவள் அமிர்தவள்ளி. நம் சம்பத்தின் உடன்பிறந்த மூத்தவள். அவள் சம்பத்திடம் சொல்லி, சம்பத் என்னிடம் சொன்னது இது. இன்னும் சற்று நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்லக்கூடிய கதை அன்று.

அவள் கணவன் பெயர் சுந்தரமூர்த்தி. அறுபது வயது. ‘அவர்’ என்று சொல்ல என் நா எழவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அடியார் ஒருவரின் திருப்பெயரை ஆசையோடு சூட்டிய பெற்றோர், பிள்ளை கடைசியில் என்னவாக ஆகும் என்று அறியாமலே போய்ச் சேர்ந்தார்கள். தோல் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வுபெற்றவன். ஆம்பூரில் மாடி வைத்த சொந்த வீடு. அதை வாடகைக்கு விட்டான். காலணித் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றி இறக்கிக் களைத்துப்போன பழைய வேன் ஒன்றை இரும்பு விலைக்கு வாங்கினான். இருக்கைகளைப் பிடுங்கி எறிந்தான். ஒரு பலகைக் கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு தண்ணீர்க் கேன். அதுதான் குடித்தனம்.

கேட்பவர்களிடம் தீர்த்த யாத்திரை என்பான். யாத்திரையாம்! எந்தக் கோயிலுக்கும் அன்னதான வேளையில்தான் போய்ச் சேருவான். கருவறைத் திரை விலகித் தீபம் எழும்போது இவன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருப்பான். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கு இரண்டு தூக்குவாளியோடு நிற்பான். கைப்பேசிக்கு மின்சாரம் சத்திரத்தில், குளியல் பெட்ரோல் பங்கில், உறக்கம் எவரும் காசு கேட்காத மதிலோரத்தில். இறைவனை ஒரு நாளும் எதுவும் வேண்டியதில்லை; வேண்டினால் பதிலுக்குக் காணிக்கை போட வேண்டுமே!

ஒரு வருடம் என்று சொல்லித்தான் அவளை ஏற்றினான். இரண்டு வருடம் ஓடிவிட்டது. தாழிட்டுக் குளிக்க ஒரு அறை, திறந்தால் தண்ணீர் வரும் ஒரு குழாய், இரவில் நிமிர்ந்து நடக்க நாலடித் தரை... அவள் கேட்டது இவ்வளவே. வீட்டில் குடியிருந்தவர்கள் அந்த மாதக் கடைசியில் காலி செய்வதாக இருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று காலையில்தான் கெஞ்சினாள். அடுத்த ஆள் ஆயிரம் ரூபாய் ஜாஸ்தி தருவதாகச் சொல்கிறான், முன்பணம் வாங்கப் போகிறேன் என்றான். வாங்கிவிட்டால் அந்த வீடு இனி தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அந்த மதிலுக்கு எதிரே ஒரு புளியமரம். அதில் கண்ணீர் அஞ்சலித் தட்டி ஒன்று கட்டியிருந்தது. நவீன்குமார், இருபத்து மூன்று வயது. இருசக்கர வண்டியில் வந்து அந்த மரத்தில் மோதித்தான் போனான். அன்று பதினாறாம் நாள். அவன் உயிர் போன அந்த இரவு வேளைக்கே பெற்றோர் வந்தார்கள். மரத்தடியை மெழுகி, நுனி தெற்குப் பார்க்க இலை விரித்தார்கள். பிரியாணி, எண்ணெய்க் கத்தரிக்காய், பையன் விரும்பிக் குடிக்கும் ஆரஞ்சு பானம். தாய் எரியும் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இருவரும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்.

அவர்கள் தலை மறைந்ததும், சரியாகப் பதினொன்றே காலுக்கு, வேனின் கதவு மெல்லத் திறந்தது... சுந்தரமூர்த்தி இறங்கினான்.

இலையை அப்படியே இரு கையால் ஏந்தி வந்தான். கற்பூரக் கரி இன்னும் அதன் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அமிர்தவள்ளி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

“செத்த பையனுக்கு வெச்சதுங்க அது.”

“செத்தவன் இன்னா, வந்து துண்ணப் போறானா? நாய்தான் துண்ணும்.”

நாய் தின்னவில்லை. நாய்க்கு மானம் உண்டு. இவன் தின்றான். எலும்பைக் கடித்து உறிஞ்சும் ஓசை, பானம் தொண்டையில் இறங்கும் ஓசை... அவள் சன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் ஆற்காட்டுக்கு அருகே, பாலாற்றங்கரையில் வண்டி நின்றது. அதே பதினொன்றே கால். அவள் கண் அயர்ந்திருந்தாள். இலையில் நீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அகப்பை பாத்திரத்தின் அடியைச் சுரண்டும் சத்தம். கற்பூர வாடை... எழுந்து கைவிளக்கை அடித்தாள். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே, தரையில் ஒரு இலை. ஆவி பறக்கும் பிரியாணி. எண்ணெய்க் கத்தரிக்காய். ஆரஞ்சு பானம். உள்ளே தாழிட்ட கதவு தாழிட்டபடியே இருந்தது.

மனிதனாகப் பிறந்தவன் அலறியிருப்பான். சுந்தரமூர்த்தி கதவை ஒருமுறை பார்த்தான், இலையை ஒருமுறை பார்த்தான், சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

யார் வைத்தது என்று அவள் கேட்டாள். எவன் வைத்தால் என்ன, காசா கேட்டான் என்றான்.

மூன்றாம் நாள் வேலூரில். நான்காம் நாள் திருப்பத்தூர் சாலையில். எங்கே நிறுத்தினாலும் பதினொன்றே காலுக்கு இலை வந்தது. அவள் ஒன்றைக் கவனித்தாள். வேன் எந்தத் திசை பார்த்து நின்றாலும் இலையின் நுனி தெற்கையே பார்த்தது. ஒருநாள் அவனே வேண்டுமென்றே வண்டியைத் திருப்பி நிறுத்தினான். இலையும் திரும்பி இருந்தது. அவன் சிரித்தான். பகலில் அன்னதானத்துக்குப் போவதையும் விட்டுவிட்டான். அங்கே போய் வர டீசல் செலவாம்.

எட்டாம் நாள் அவள் ஆடைகளைப் பையில் அடுக்கி வைத்தாள். இன்று இலை வந்தால் தொடாதீர்கள், தொட்டால் விடிந்ததும் நான் இறங்கிவிடுவேன் என்று சொன்னாள். முப்பது வருடத்தில் அவள் அவனுக்கு வைத்த முதல் நிபந்தனை. அவன் சரி என்றான். சொல்லுக்குத்தான் செலவில்லையே.

பதினொன்றே கால். நீர் தெளிக்கும் சத்தம்... அகப்பை சுரண்டும் சத்தம்... ஆனால் வாடை மாறியிருந்தது.

விளக்கை அடித்தாள். பிரியாணி இல்லை. கேழ்வரகுக் களி, நடுவே குழித்து ஊற்றிய கருவாட்டுக் குழம்பு. கிள்ளிப்போட்ட பச்சை வெங்காயம். ஓரத்தில் கருக வறுத்த மோர்மிளகாய் இரண்டு. கருகினால்தான் அவனுக்குப் பிடிக்கும். அது அவன் தாய்க்கும் இவளுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. தாய் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. இலையின் பக்கத்தில், செத்தவர்களுக்குப் படைக்கும் கோடியைப்போல, மடிப்புக் கலையாத கோரா வேட்டி ஒன்று.

அமிர்தவள்ளி அவன் இரு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“இது அந்தப் பையனோட எல இல்லீங்க. நல்லா பாருங்க. இது உங்களுக்குப் போட்டது... உங்களுக்குப் படைச்சிருக்காங்க. வாணாங்க.”

அவன் கையை உதறினான். முதலில் வேட்டியைத்தான் எடுத்தான். விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தான். கடையில் முந்நூறுக்குக் கம்மியாகத் தரமாட்டான் என்றான். அங்கேயே உடுத்திக்கொண்டான். உட்கார்ந்தான். ஒரு துளி மிச்சமில்லாமல், இலையை வழித்து, விரலையும் நக்கி முடித்தான்.

அவள் விடியும்வரை அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். மூச்சு வந்தது. குறட்டையும் வந்தது. விடிந்ததும் எழுந்து பல் துலக்கினான். பயந்ததெல்லாம் வீண்பயம் என்று அவளுக்கே தோன்றியது. உயிரோடு இருக்கும் மனிதனை எப்படி விட்டுப் போவது என்று பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

வழியில் ஒரு தேநீர்க்கடை. ரெண்டு டீ என்றான். கடைக்காரர் அவளைப் பார்த்து, “உங்களுக்கு இன்னாம்மா வேணும்?” என்றார். ஒரே ஒரு கண்ணாடிக் குவளையை அவள் முன் வைத்தார். சுந்தரமூர்த்தி மறுபடி கேட்டான். கடைக்காரரின் பார்வை அவனைக் கடந்து சாலைக்குப் போயிற்று. அவன் ஜாடியைத் திறந்து பன் ஒன்றை எடுத்தான். தின்றான். இன்னொன்றும் எடுத்தான். ஒருவரும் கேட்கவில்லை. வண்டிக்கு வந்தபோது அவன் முகம் பூத்திருந்தது.

அந்தி மயங்கும் நேரத்தில் சுங்கச்சாவடி வந்தது. முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டாக் வில்லையைப் படிக்கும் கருவி ஒலிக்கவில்லை. தடுப்புக்கம்பம் எழவில்லை. சீருடைப் பையன் ஒருவன் ஓட்டுநர் பக்கச் சன்னலில் குனிந்து கைவிளக்கை உள்ளே நீட்டினான். வெளிச்சம் சுந்தரமூர்த்தியின் முகத்தில் நேராக விழுவதை அவள் பார்த்தாள். அவன் இமைக்கவில்லை. பையனின் கை இன்னும் உள்ளே வந்தது... அவன் மார்பு இருந்த இடத்தைத் தாண்டி, இருக்கையின் கிழிந்த ரெக்சினைத் தொட்டது.

“ஏம்மா, வண்டி ஓட்டிக்கினு வந்தவர் எங்க போய்ட்டாரு? இப்டி நடுவுல நிறுத்தக் கூடாதும்மா.”

அவள் ஓட்டுநர் இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். கணவன் அவள் காதருகே சாய்ந்தான். அவன் மூச்சில் சூடு இல்லை. மழை நனைத்த சுண்ணாம்பின் வாடை.

“பேசாத இரு. நூறு ரூவா மிச்சம்.”

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். பையை எடுக்கவில்லை. செருப்பைக்கூட எடுக்கவில்லை. ஆம்பூருக்கு நடந்தே போய்விடுவது, தன் வீட்டு வாசலிலாவது படுத்துக்கொள்வது என்று அந்தக் கணத்தில் முடிவு செய்தாள்.

கம்பம் தானாக எழுந்தது. வேன் நகர்ந்தது. பையன் கைவிளக்கைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கி ஓடினான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது ஆளில்லாத வண்டி. அமிர்தவள்ளியின் கண்ணுக்கு, கோரா வேட்டியோடு அமர்ந்து, சன்னலில் தலையை நீட்டிச் சிரிக்கும் அவன் தெரிந்தான்.

“வூட்டுக்குத்தானே போற? போ, போ. ராத்திரிக்கு எல அங்கயே வரும். உனக்கு இன்னா இன்னா புடிக்கும்னு கேட்டாங்க... சொல்லி வெச்சிருக்கேன்.”