இங்ரிட் வெளியே இருந்த நேரம்

மலைப்பாம்பு வளர்ப்பது பூனை வளர்ப்பதைவிட எளிது. சோபாவைக் கீறாது, கத்தாது, பத்து நாளைக்கு ஒரு எலி கொடுத்தால் போதும். ஒரே ஒரு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். கூண்டைவிட்டு வெளியே எடுத்தால் பதினைந்து நிமிடம், மிஞ்சினால் இருபது. சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தொடவே கூடாது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. என் தங்கை கணவன் டுவேனுக்கு ஐந்து வாரமாகியும் புரியவில்லை.

என் தங்கை மார்லிஸ் அவனை வீட்டைவிட்டு அனுப்பியதும், ஏரிக்கரையில் இருக்கும் என் வீட்டுக்கு இரண்டு பைகளோடு வந்து சேர்ந்தான். நான் வேலைக்குப் போனதும் என் மலைப்பாம்பு இங்ரிட்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவான். பாம்பின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்காது, கூண்டில் விளக்கு எரிவது அழகுக்காக அல்ல என்று எத்தனை தடவை சொல்வது? எழுதி ஒட்டினேன். பூட்டுப் போட்டேன், நெம்பிக் கழற்றினான். சமையலறை டைமர் ஒன்றை வாங்கிக் கூண்டின்மேல் வைத்தேன். அதை எடுத்துப்போய் முட்டை வேகவைத்தான்.

“வெளிய வச்சா கெட்டுப்போறதுக்கு அது என்ன பாலா, மச்சான்?” என்பான். “உன் தங்கச்சி என்னை வீட்டவிட்டுத் தொரத்துனா. நீ பாம்புகிட்டேருந்து தொரத்துற. நல்ல குடும்பம்யா.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தேவாலயத்துக்குப் போய்விட்டு, அப்படியே கடைக்கும் போய்த் திரும்பினேன். இங்ரிட் முந்தின நாள்தான் சாப்பிட்டிருந்தாள். டிவியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவன் தோளில் துவண்டு கிடந்தாள். தொட்டால் சில்லென்று இருந்தது. கம்பளத்தில் பாதி செரித்த எலி கிடந்தது. இப்படிக் கக்கினால் சில பாம்புகள் பிழைப்பதில்லை. எனக்கு அழுகை வந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

“எவ்வளவு நேரமா வச்சிருக்க?”

“ஆட்டம் ஆரம்பிச்சதுலேருந்து. என்ன, ரெண்டு மணி நேரம் இருக்குமா? கொஞ்சம் வாந்தி எடுத்துச்சு, அவ்வளவுதான். மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வச்சிருக்க?”

கணக்குப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம். கம்பளத்தைத் துடைத்தேன். பின்வாசலில் கிடந்த பனி வாரும் மண்வெட்டியை உள்ளே எடுத்து வைத்தேன், வெளியே கிடந்தால் துருப்பிடிக்கும். சிறிது நேரத்தில் அவன் சிகரெட் பிடிக்க எழுந்தான். மூன்று நிமிட வேலைதானே என்று எப்போதும் பனியனோடும் வீட்டுச் செருப்போடும்தான் போவான். அவனுடைய கோட்டும் போனும் கார்ச் சாவியும் நாற்காலியில் இருந்தன. அவற்றை நான் தொடவில்லை. அவன் பின்னால் கதவின் தாழ்ப்பாளைப் போட்டேன், டைமரை அதே ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடத்துக்குத் திருப்பி வைத்தேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி.

முதலில் சிரித்தான். பிறகு முன்வாசலுக்கு ஓடினான். அதை நான் எப்போதும் பூட்டியே வைப்பேன். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் குளிர்காலத்துக்கு அரிசோனா போய்விடுவார்கள் என்பது அவனுக்கும் தெரியும். திரும்பி வந்து பின்கதவின் கண்ணாடியைக் கையால் குத்தினான். மூன்றடுக்குக் கண்ணாடி, இங்ரிட்டுக்காகத்தான் போட்டது.

“மச்சான், வெளையாடாத. கதவத் தொற.”

“இன்னும் ஒரு மணி நாப்பது நிமிஷம் இருக்கு, மாப்ள.”

“லோவல்! கை மரத்துப்போச்சுடா. சத்தியமா இனிமே அதத் தொட மாட்டேன்.”

இந்தச் சத்தியத்தை இதற்கு முன்னும் இரண்டு தடவை செய்திருக்கிறான். அரை மணி நேரத்துக்குப் பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டான். அவனை வதைப்பது என் நோக்கம் இல்லை. தானாகச் சூடு உண்டாக்க முடியாமல் போனால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது தெரியட்டும் என்று நினைத்தேன். டைமர் அடித்ததும் திறந்துவிட்டேன், உள்ளே இழுத்துப் போட்டுக் கம்பளி போர்த்தினேன், காப்பிகூட வைத்தேன். அவன் அதற்கு முன்பே இறந்துவிட்டான் என்கிறார் உங்கள் மருத்துவர். இருக்கலாம். ஒரு நிமிடம்கூட நான் கூடுதலாக வைக்கவில்லை.

அவ்வளவு நேரமும் பாம்பு எங்கே இருந்தது என்று கேட்டீர்கள். என் கழுத்தில்தான். பாவம், பயந்திருந்தாள், கூண்டில் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. கதவருகில் அவளோடு நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஆட்கள் வந்து சேர்வதற்குள் அவள் தலை தொங்கிவிட்டது. அந்தச் சாவையும் டுவேன் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.