வாலுவின் காலை மாத்திரை

மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, நாம் திரும்பியதும் துப்புவதில் எங்கள் வாலுவை மிஞ்ச நாய் கிடையாது, டாக்டர். அதனால்தான் அவனுக்கு மட்டும் வீட்டிலேயே நான் கொடுத்துக் கூட்டி வருகிறேன் என்றேன். பதினொரு வருடமாக உங்கள் மயக்க மருந்து மேசைக்குப் பக்கத்தில் நிற்பவள் சொன்னால் நம்பாமல் இருப்பீர்களா.

முறை எனக்கு மனப்பாடம். வயிற்று அமிலத்தை அடக்க முந்தின இரவு ஒரு மாத்திரை, காலையில் மயக்கத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இன்னொன்று. கொடுக்காவிட்டால், மயங்கிக் கிடக்கிற நாயின் வயிற்றிலிருந்து அமிலம் சத்தமில்லாமல் ஏறி உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடலாம். வாய்வரை வராததால் யார் கண்ணிலும் படாது. புண் ஆறும்போது குழாய் சுருங்கும். நாய் விழுங்க முடியாமல் தவிக்கும்போதுதான் தெரியவரும்.

முதல் முறை சத்தியமாக மறதிதான். வாலுவுக்கு மயக்கம் கொடுத்துப் பல் சுத்தம் செய்த நாள். காலையில் அக்கா துணி மடித்துக்கொண்டே, வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, வாலுவோடு அடுத்த மாதம் கிளம்புகிறேன் என்றாள். "நீயும் உன் வாழ்க்கையைப் பாருடி. எத்தனை நாள் என்னையே புடிச்சிட்டு இருப்ப?" என்றாள். அதே நினைப்பில் வாலுவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். மாத்திரை பையிலேயே கிடந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தேன். உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாவது வாரம் வாலு தின்றதையெல்லாம் அப்படியே கக்கினான். அக்கா பயணத்தைத் தள்ளிப்போட்டாள். இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அவனை நிமிர்த்திப் பிடித்து, கூழாக்கியதை ஸ்பூனில் ஊட்டினோம். அம்மா போன பிறகு நாங்கள் அவ்வளவு பேசியதே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நீங்கள் மறுபடி மயக்கம் கொடுத்து, பலூன் விட்டுச் சுருங்கிய குழாயை விரித்தீர்கள். அன்று மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் வாலு பிஸ்கட் கடித்தான். அக்கா கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். எதற்கும் இன்னொரு முறை மயக்கம் கொடுத்து உள்ளே பார்த்துவிடலாம் என்று உங்களிடம் தேதி வாங்கியது நான்தான். அன்று காலை மாத்திரையைக் குப்பையில் போட்டேன். அதற்கடுத்த இரண்டு முறையும் போட்டேன். "திரும்பத் திரும்பச் சுருங்குதே, என் கையிலதான் கோளாறு போல" என்று நீங்கள் வருந்தியபோது எனக்குப் பாவமாக இருந்தது.

இன்னொரு தடவை சுருங்கினால் அவன் பிழைக்க மாட்டான் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. குழாய் திறந்தால் அக்கா போய்விடுவாள். சுருங்கினால் வாலு போய்விடுவான். எந்தப் பக்கமும் அசைய முடியாமல் மாட்டிக்கொண்டது நான்தான், டாக்டர். அதனால்தான் இந்த முறை முந்தின நாளே அவனை இங்கே சேர்க்கச் சொன்னபோது, வேண்டாம் என்று அப்படி அழுதேன். உங்களுக்குச் சந்தேகம் வந்ததும் அதில்தானே.

நாளைக்கு மாத்திரையை உங்கள் கையாலேயே கொடுங்கள். போலீஸ் என்றாலும் வேலை போகும் என்றாலும் சரி. அக்காவிடம் மட்டும் சொல்லாதீர்கள். தனியாக இருக்க அவளால் முடியாது.